காளான் பெட்டிக்காக ஜெர்மனி போனேன்

விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, என்ன வேலையாக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். காளான் வளர்க்கும் பெட்டி விஷயமாக என்றேன். "காளானா?" என்றார். "ஆமாம் சார், விண்வெளிக்குப் போகப்போகிற காளான்." அவர் பக்கத்துக் கூண்டுக்காரரிடம் என்னமோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், பெட்டி செய்தவன் நான்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

என் பெயர் செல்வம். அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்து, ஐடிஐ முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவன். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு, தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை. அலுமினியக் கட்டியைக் குடைந்து கருவிகளுக்குக் கூடு செய்து தருவது எங்கள் தொழில். அந்த வருஷம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பன்னிரண்டு சின்னப் பெட்டிகள் செய்து அனுப்பினோம். கைக்கடக்கமான பெட்டி, உள்ளே காளான் வளரும். சில பெட்டிகள் ஆளில்லாத விண்கலத்தில் மேலே போகும், சில கீழேயே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, பூமியின் இழுப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை எப்படி வளர்கிறது என்று பார்ப்பார்களாம். அவர்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கே, இதை வேறு யாரையும் தொடவிடக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். பன்னிரண்டையும் மெஷினில் என் கையாலேயே ஓட்டினேன்.

பெட்டிக்குக் கறுப்பு ஏற்றியவர் மாதப்பன். அஞ்செட்டி மலைக்காரர். கூலிக்குத் தொட்டி கழுவ வந்தவர், இன்று சொந்தமாக ஒரு ஷெட்டில் ஐந்து தொட்டி வைத்து அனோடைசிங் செய்கிறார். அலுமினியத்தை அமிலத்தில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சாயம் ஏற்றுகிற வேலை அது; ஷாப்பில் பொதுவாக பிளேட்டிங் என்றே சொல்வோம். காளான் வெளிச்சத்தைப் பார்த்தும் வளையுமாம். பெட்டியின் உள்ளே பளபளப்பு இருந்தால் அது எதற்காக வளைந்தது என்று தெரியாமல் போய்விடும். அதனால் உள்ளும் புறமும் கறுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாதப்பன் அடித்த கறுப்பில் விரலை வைத்தால் விரல் காணாமல் போய்விடும் என்று ஷாப்பில் கிண்டல் செய்வோம்.

அப்படிப்பட்ட பெட்டி மேலே ஜெர்மனியிலிருந்து புகார் வந்தது. சோதனைக்காகப் பன்னிரண்டிலும் பூஞ்சை போட்டிருக்கிறார்கள். ஒன்பதில் நன்றாக வளர்ந்தது, மூன்றில் கருகிவிட்டது. அந்த மூன்றிலும் மஞ்சளாக ஒரு கறை. கறுப்பு ஏற்றும்போது ஏதோ நச்சு உப்பு தங்கியிருக்கும் என்று சந்தேகம். மூன்று வாரத்துக்குள் தீர்வு தெரியாவிட்டால், மாற்றாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளையே அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "செல்வம், நீ போய் நேர்ல பேசு. நம்ம மெஷினிங்ல ஒரு குத்தமும் இல்லை. பிளேட்டிங் வெண்டார் மேல போட்டுட்டு வா. வெண்டார மாத்திட்டோம்னு சொன்னா இந்த ஆர்டர் போனாலும் அடுத்த ஆர்டர் நிக்கும்."

"மாதப்பனுக்கு இருக்குற பெரிய வேலையே நம்மளுதுதான் சார்."

"இவர் இல்லைன்னா நூறு மாதப்பன்யா."

கிளம்பிய அன்று காலையில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார் மாதப்பன். எப்படியோ விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. "செல்வண்ணா, மூணு தண்ணி அலசியிருக்கேன். நாலாவது தண்ணி டிஸ்டில் வாட்டரு. நம்ம கலர்ல வெசம் இல்லீங்ணா. அங்க போய் அத மட்டும் சொல்லுங்ணா" என்றார். கையில் சாயக் கறை போகவே போகாது அவருக்கு. அந்தக் கையால் என் சூட்கேஸை வாங்கி பஸ்ஸில் ஏற்றினார். மேனேஜர் என்னிடம் சொல்லி அனுப்பியதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் போய்ச் சேர வேண்டிய ஊர் வடக்கே கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயரை நான் உச்சரித்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே புரியாது, விட்டுவிடுவோம். அங்கே ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன் பாதி ஒரு ஊருக்கு, பின் பாதி வேறு ஊருக்கு! நான் ஜன்னலோரம் கிடைத்ததே பெரிது என்று பின் பாதியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள் எவ்வளவோ நேரம் என்னமோ சொன்னாள். நம் ஊர் கண்டக்டராக இருந்தால், "சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரியெல்லாம் முன்னால போய் ஏறு" என்று தோளைத் தட்டி எழுப்பியிருப்பார்.

தவறான ஊரில் இறங்கி நின்றபோது, ரொட்டிக்குள் இறைச்சி வைத்து விற்கும் ஒரு துருக்கிக்காரர்தான் வழி சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். பதினெட்டு வருஷமாக வெளியாட்கள் கேட்டால் "பெங்களூர் பக்கத்தில்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "ஓசூர்" என்றேன். "அது எங்கே?" என்றார். "தமிழ்நாடு. நாங்கள் விண்வெளிக்குப் பெட்டி செய்கிற ஊர்." அவர் ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் பெட்டிகளைக் கேட்டிருந்த பேராசிரியை ஹெல்காவுக்கு அறுபது வயதிருக்கும். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், நரைத்த கிராப்பு. கைகுலுக்கியதும் நேராக ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் தீக்குச்சிக் கனத்தில் வெள்ளைக் காளான்கள் நேராக நின்றன. இன்னொரு குடுவையைக் காலையில்தான் படுக்க வைத்திருக்கிறார். அதிலிருந்த காளான்கள் எல்லாம் கழுத்தை வளைத்து மறுபடி மேலே பார்க்கத் தொடங்கியிருந்தன.

"கண் இல்லை, காது இல்லை. ஆனால் எது கீழே, எது மேலே என்று இதற்குத் தெரிகிறது," என்றார் ஹெல்கா. "கீழே என்பதே இல்லாத இடத்துக்கு அனுப்பினால் என்ன செய்யும்? அதுதான் என் கேள்வி."

இதற்கா இத்தனை பாடு என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார். மனிதன் தங்குகிற விண்வெளி நிலையங்களுக்குப் பூஞ்சையும் கூடவே போய்விடுகிறதாம். ஜன்னல் ரப்பரில் படர்கிறது, ஒயர் மேலிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்கிறது. அங்கே அதன் குணம் எப்படி மாறுகிறது என்று தெரியாமல் யாரும் நெடுந்தூரம் போக முடியாது. ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு பீரோவில் என் தோல் ஷூ பச்சையாகப் போவது எனக்கு நினைவு வந்தது. சொன்னேன். "அதேதான்!" என்று மேஜையைத் தட்டினார்.

அது வரைக்கும் நன்றாகத்தான் போனது. அவருடைய உதவியாளர் யான், ஆறரை அடி உயரம், அறிக்கையை எடுத்து வைத்து "பிளேட்டிங்" என்று ஆரம்பித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்கள் பிளேட்டிங்கில் குறை இல்லை. உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள், உங்கள் சோப்பைச் சோதியுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன். யான் பொறுமையாக எழுதிக்கொண்டார். நாளைக்குக் கறையையே காட்டுகிறேன் என்றார்.

மறுநாள் காலை விடுதிக்கார அம்மாள் ரொட்டியோடு ஒரு பாலாடைக் கட்டி வைத்தார். பார்த்தால் நீலமாகப் பூசணம் பிடித்துக் கிடக்கிறது. பாவம், வயதானவர், கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று கத்தியால் நீலத்தையெல்லாம் சுரண்டித் தட்டோரம் ஒதுக்கினேன். அந்த அம்மாள் திரும்பி வந்து பார்த்துவிட்டு "ஐயோ" என்கிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த நீலத்துக்குத்தான் அதற்கு அந்த விலையாம். மீதி இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு தின்று வைத்தேன். அவ்வளவு மோசமில்லை.

ஆய்வுக்கூடத்தில் யான் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் பொறித்த எண்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீர் விட ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதற்குத் திருகு மூடி உண்டு. அந்த மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுத் திருகி எடுத்தார். நுனியில் மஞ்சள். "தண்ணீர் விடும்போதெல்லாம் இது கரைந்து உள்ளே போகிறது," என்றார்.

குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். அது எந்த உப்பும் இல்லை, சமையல் மஞ்சள். வைத்தவன் நான்.

எங்கள் ஷாப்பில் வெள்ளிக்கிழமை சரக்குப் போனால் சாமி கும்பிட்டு, முதல் மூன்று உருப்படிக்கு மஞ்சள் பொட்டு வைப்போம். ஒரு தடவை அப்படிப் போன சரக்கைக் கறை என்று சொல்லி ஒரு கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து பொட்டை நிறுத்தினோமா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்கப் பழகிக்கொண்டோம். குழிக்குள்ளே, மூடிக்கு அடியிலே. மற்ற சரக்குக்கு அதனால் ஒரு பாதகமும் வந்ததில்லை. இது பூஞ்சை வளர்க்கிற பெட்டி. புண்ணுக்கு மஞ்சள் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு அது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. மேலே போகிற சரக்காயிற்றே என்று ஒரு சிட்டிகை கூடவே அப்பியிருந்தேன்.

ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கட்டடத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் ஓரம் போய் நின்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன். "என்னய்யா ஆச்சு? பிளேட்டிங்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்க அப்படித்தான் சார் நினைக்கிறாங்க."

"அப்புறம் என்ன? ஆமான்னு தலையாட்டிட்டு வா. மாதப்பன நேத்தே நிறுத்தியாச்சு."

போனை வைத்துவிட்டார். எனக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு கணம் அப்படியே செய்துவிடலாமா என்று தோன்றியது. தலையாட்டினால் போதும், என் பெயர் கெடாது, இந்த வெள்ளைக்காரர்கள் முன்னால் மஞ்சள் குங்குமக் கதை பேசி நிற்க வேண்டாம். அப்புறம் சாயம் ஏறிய அந்தக் கைதான் கண்ணில் நின்றது. அந்த மனிதர் நான்கு தண்ணீர் அலசிக் கொடுத்த பெட்டியில் அழுக்கை வைத்தவன் நான், வேலையை இழப்பவர் அவரா? என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

உள்ளே போய், "சலவை சோடா இருக்கிறதா?" என்று கேட்டேன். கண்ணாடிக் குடுவை கழுவ வைத்திருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் கரைத்து, யான் வைத்திருந்த பஞ்சுக் குச்சியை அதில் முக்கினேன். மஞ்சள் நுனி ரத்தச் சிவப்பாக மாறியது. எங்கள் ஊரில் ஆரத்தி எடுக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும், சலவை சோடாவுக்கும் அதே குணம். யான் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிளேட்டிங் இல்லை, மஞ்சள்," என்றேன். "வைத்தது நான். கறுப்பு ஏற்றியவர் மேல் ஒரு தவறும் இல்லை. அவர் பெயர் மாதப்பன். அதை எழுதிக்கொள்ளுங்கள்."

ஏன் வைத்தீர்கள் என்று ஹெல்கா கேட்டார். பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் என்றேன். "என் காளானுக்கு விஷம் வைத்துவிட்டு, பெட்டிக்கு ஆசீர்வாதமா?" என்றார். கோபமா கிண்டலா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு யானிடம் அவர்கள் பாஷையில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சுத்தம் செய்யுங்கள். மூன்றிலும் மறுபடி பூஞ்சை போடுவேன். திங்கட்கிழமைக்குள் மூன்றிலும் வளர்ந்தால் உங்கள் பெட்டிகள் போகும். ஒன்றில் தவறினாலும் பிளாஸ்டிக்தான். எனக்கு வேறு வழியில்லை."

அன்று முழுக்க மெல்லிய தூரிகையும் ஆல்கஹாலும் வைத்துக்கொண்டு அந்த மூன்று குழியையும் தேய்த்தேன். திருகு மரையின் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, பஞ்சில் துடைத்து, சோடாத் தண்ணீரில் முக்கி, சிவக்கிறதா என்று பார்த்து, மறுபடி தேய்த்தேன். சாயங்காலம் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. யான் பூஞ்சையைப் போட்டு மூடினார். மூடும்போது கை தன்னாலேயே கும்பிடப் போயிற்று, சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். என் சட்டைப் பையை யான் ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒரு கடை கிடையாது. டீக்கடைகூட இல்லை. நம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் மூக்கண்டப்பள்ளி விழித்துக்கொள்ளும். கறிக்கடையில் கூட்டம், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேரம் நடக்கும். இங்கே தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. விடுதிக்கார அம்மாளுக்கு என்மேல் பரிதாபம் வந்து மத்தியானம் சூப் கொடுத்தார். அதுவும் காளான் சூப்! நான் பதிலுக்குப் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கொடுத்தேன். ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். சாப்பாட்டில் நாங்கள் சமாதானமாகிவிட்டோம். ஆனால் நினைப்பெல்லாம் அந்த மூன்று பெட்டி மேலேதான்.

திங்கட்கிழமை ஒன்றாம் பெட்டியைத் திறந்தார் யான். வெள்ளை வெளேரென்று நூல் நூலாகப் படர்ந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் திறந்தவர் அதை விளக்கின் கீழே கொண்டுபோனார். ஓரத்தில் மெல்லிசாக ஒரு படலம்தான் தெரிந்தது. லென்ஸ் வைத்து வெகு நேரம் பார்த்தார். "மெதுவாக வளர்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது. நுனி எல்லாம் புதிது," என்றார்.

ஹெல்காவும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருப்போம் என்றார். அந்த ஏழு மணி நேரம் நான் பட்ட பாட்டை என் பெண்டாட்டியின் முதல் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. சாயங்காலம் படலம் பெட்டியின் பாதியைத் தாண்டியிருந்தது. "போகட்டும்," என்றார் ஹெல்கா. "மேலே போக நான்கு பெட்டி வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று கட்டாயம். வேறெந்தப் பெட்டியையும் யாரும் இத்தனை தடவை தேய்த்துப் பார்த்ததில்லை."

நான் அழுதுவிட்டேன். ஆறரை அடி யான் குனிந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கறுப்பில் குறையில்லை, தவறு வேறு இடத்தில் என்று ஹெல்கா ஒரு தாளில் எழுதி, மாதப்பன் பெயரை என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். திரும்புகிற வழியில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஓசூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக மாதப்பன் ஷெட்டுக்குப் போனேன். ஐந்து தொட்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"தொட்டிய விக்கலாம்னு பாத்திட்டிருக்கேங்ணா. கேக்க ஆளில்ல. நம்ம கலர்ல வெசமாமே. ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

தாளை நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் படித்து, தமிழில் சொன்னேன். தன் பெயர் இருந்த இடத்தை மட்டும் எது என்று கேட்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப தப்பு பண்ணுனது யாருங்ணா?"

"நான்தான் மாதப்பா. பொட்டு வச்சது நானு."

அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "பத்து நாளா சோறு எறங்கல செல்வண்ணா" என்று மட்டும் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சிரு என்றேன். கையை உதறவில்லை. பிறகு எழுந்துபோய், முதல் தொட்டியை நிமிர்த்தி, தண்ணீர்க் குழாயை எடுத்து உள்ளே போட்டார். அடுத்த நாள் அந்தத் தாளை மேனேஜர் மேஜையில் வைத்தேன். "உன்னை யாருய்யா உண்மை பேச அனுப்புனது?" என்று அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்துவிட்டு மாதப்பனுக்குப் போன் போட்டார்.

சில மாதம் கழித்து மேலே போன விண்கலம் பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு, பாராசூட்டில் ஒரு புல்வெளியில் இறங்கியது. பிறகு ஹெல்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு பெட்டி, மூடி திறந்து, பக்கத்தில் பக்கத்தில். பூமியில் இருந்ததில் காளான்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற மாதிரி நேராக நின்றன. மேலே போய் வந்த மூன்றாம் எண் பெட்டியில் ஒன்று சாய்ந்து, ஒன்று சுருண்டு, ஒன்று பக்கவாட்டில் என்று அதன் அதன் இஷ்டத்துக்கு வளர்ந்திருந்தன. மேலே எது என்று சொல்ல அங்கே ஆளில்லை. பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

மாதப்பன் காளானைப் பார்க்கவே இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியின் மூலைகளைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து, அஞ்செட்டியில் இருக்கும் தன் அண்ணனைக் கூப்பிட்டார். அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது, கத்தித்தான் பேச வேண்டும்.

"அண்ணா, நம்ம கலரு மேல போயிட்டு வந்திருச்சுங்ணா. ஆமா, ஆகாசத்துக்குத்தான். இல்லீங்ணா, ஏரோப்ளேன் இல்ல, அதுக்கும் மேல. ஆங்... ஆங்... பாத்துட்டேன், நல்லாப் பாத்துட்டேன். ஒரு கீறல் இல்லீங்ணா."